மும்பைக்கு நாலு நாள் பயணம்

நகக்கண்ணில் எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் நேசகுமார். காரியாபட்டியில் தங்கை ஞானபூரணி வீட்டுக் கொல்லைக் குழாயடி. காலையிலிருந்து இது மூன்றாவது குளியல். விமானம் மாலையில்தான். ஆனால் இவர் புதன்கிழமையிலிருந்தே பயணத்தில் இருக்கிறார்.

"மதுரை டு பம்பாய் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம்னு டிக்கெட் போட்ட பய சொல்லுதான். அது அவனுக்கு. மருந்துக் கைக்கு நாலு நாளு ஆகும்" என்கிறார், விமானக் கம்பெனியே இவரைக் கேட்டுத்தான் நேரம் குறிப்பதுபோல.

அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். அங்கே மருந்து என்றால் வெடிமருந்து. இருபது வருடமாக அது அவர் கைரேகைக்குள் குடியிருக்கிறது. காது மடலில் ஒட்டிய அலுமினியப் பொடி வெயிலில் மினுங்கும். சோற்றைப் பிசையும்போது கந்தகம் வீசும். அது அவருக்குத் தெரியாது, பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குத் தெரியும்.

போன தடவை விமான நிலையச் சோதனையில் அவர் உள்ளங்கையைத் துணித்துண்டால் துடைத்து இயந்திரத்தில் வைத்ததும் அது அலறிவிட்டது. ஆலை அட்டையைக் காட்டி, முதலாளியைப் போனில் பிடித்து, சரி போங்கள் என்று அவர்கள் சொல்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. மும்பையில் நர்ஸாக இருக்கும் மகள் பியூலாவின் மூத்த பையனுக்குத் தாத்தா இல்லாமலே ஞானஸ்நானம் நடந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. நாளை ஞாயிறு, பேத்திக்கு ஞானஸ்நானம். சர்ச்சில் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டியவர் இவர்தான்.

அதனால்தான் இத்தனை ஏற்பாடு. சட்டை, பேண்ட், செருப்பு, பை எல்லாம் புதிது. அவர் கை படாமல் தங்கையே வாங்கித் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். புதன்கிழமை ஆலைக்கு லீவு போட்டு வந்து இறங்கியவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, பர்ஸையும் வெளிய வைங்க. அதுலயும் மருந்து இருக்கும்."

"விடு தாயி. பர்ஸுல அதாவது இருக்கட்டும்."

இப்போது துண்டை நீட்டும்போது அவளுக்குக் குரல் இறங்குகிறது. "இந்தத் தடவையும் கத்திருச்சின்னா?"

"ஊறுகா போடுத அளவுக்குத் தேச்சாச்சு. கத்தாது."

மாலையில் சோதனை வரிசை. இளம் அதிகாரி ஒருவர் அவருடைய வலது உள்ளங்கையைத் துடைத்து, துணியை இயந்திரத்தில் செருகுகிறார். நேசகுமார் நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்கிறார். மூச்சு மட்டும் விடவில்லை. இயந்திரம் பேசாமல் இருக்கிறது.

"போலாம் சார்."

அவர் நகரவில்லை. இடது கையையும் நீட்டுகிறார்.

"இதையும் பாத்துருங்க. பிள்ளைய ரெண்டு கையிலயும்லா வாங்கணும்."

அதிகாரி புதுத் துணியை எடுக்கும்வரை அந்தக் கை அசையாமல் நீண்டிருக்கிறது.