சாக்லேட்டோடு போன கார்டு

2009 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த வேலை முடிந்து, காலை ஆறரைக்குக் கோயம்பேட்டில் பாண்டிச்சேரி பேருந்து ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நூற்றைம்பது கிலோமீட்டர். கட்டணம் அறுபத்தைந்து ரூபாய். கடல் பார்க்கவென்றே ஜன்னலோரம் பிடித்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கடலையே மறக்கடித்துவிட்டார்.

பெயர் அந்துவான். முத்தியால்பேட்டையில் பிறந்து பாரீசில் வேலை பார்ப்பவர். தங்கை மகளின் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். அவருடைய வங்கி புதுவகைக் கார்டு ஒன்று கொடுத்திருக்கிறதாம். கடையில் மெஷினுக்குள் செருக வேண்டாம், அருகே காட்டினாலே பணம் போய்விடுமாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அப்ப திருடனும் ஒரு மெஷினோட பக்கத்துல வந்து நின்னா?"

"அதான் சார் பயமே. கூட்டத்துல ஒரசிக்கினு நின்னே நம்பரை எடுத்துடுவானாம். அலுமினியத் தாளு சுத்திட்டா அலை உள்ள போவாதுன்னாங்க. சுத்திட்டேன்."

"எங்கே, காட்டுங்களேன்."

"மேல பையில இருக்குது. பர்ஸ்ல வச்சாதான பிக்பாக்கெட் அடிப்பான்? சாக்லேட்டோட சாக்லேட்டா போட்டுட்டேன். எல்லாமே பளபளன்னு தாளு சுத்தினது. எவனுக்குத் தெரியும்?"

காலாப்பட்டைத் தாண்டி, பத்து மணிக்கு முத்தியால்பேட்டையில் இறங்கினோம். "தங்கச்சி ஊட்ல சாப்ட்டுட்டுப் போலாம் வாங்க சார்" என்றார். அந்தக் கார்டைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது, கூடவே நடந்தேன்.

தங்கை மரி வாசலிலேயே பைகளை வாங்கிக்கொண்டார். அந்துவான் குளிக்கப் போனார். நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, மரி சாக்லேட்டையெல்லாம் தட்டில் கொட்டி, துணி மூடி, உறவுக்காரர் ஒருவரின் ஸ்கூட்டரில் எங்கோ அனுப்பிவைத்தார். என் கண் முன்னால்தான் போனது. எனக்கும் உறைக்கவில்லை.

குளித்து வந்தவர் பையைத் தேடினார்.

"சம்பந்தி ஊட்டுக்கு அனுப்பிட்டேண்ணே. பிரான்ஸ் சாக்லேட்டு, நாம பிரிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் போவணும் இல்ல?"

அந்துவானின் முகம் வெளுத்தது. அன்று மாலை ஐந்துக்குள் மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டவில்லையென்றால் மண்டபம் வேறு பார்ட்டிக்குப் போய்விடும். அந்தப் பணம் அந்தக் கார்டில்தான் இருந்தது. வங்கிக்குப் போன் போட்டு கார்டை முடக்கலாம்; முடக்கினால் கல்யாணமும் சேர்ந்து முடங்கும். போய்க் கேட்கலாமென்றால் மரி கையைப் பிசைந்தார். "குடுத்த சீரைத் திருப்பிக் கேட்டா என்னா நெனைப்பாங்க?"

"நான் கேக்கிறேன்" என்றேன். வெளியூர்க்காரனுக்கு ஏது மானம்!

சம்பந்தி வீடு இருந்த சாரம் பகுதிக்கு ஆட்டோ அறுபது ரூபாய். மாப்பிள்ளையின் அம்மா வாய் நிறைய வரவேற்றார். நான்தான், "சாக்லேட்டுல தட்டையா ஒண்ணு வந்துச்சாம்மா?" என்றேன்.

"அதுவா? எல்லாத்துலயும் அதுதான் மெல்லிசா இருந்துச்சி. ஒசத்தியான ஐட்டம்போலன்னு எம் புள்ளைக்குத் தனியா எடுத்து வச்சிட்டேன்."

ஃப்ரீசரிலிருந்து அதை எடுத்து வந்து, அவரே தாளைப் பிரித்தார். உள்ளிருந்ததைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தார். "அய்யய்யோ, இத்தப் போயி கடிக்கச் சொல்லியிருப்பேனே!" அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

தெருமுனை ஏடிஎம்மில், சட்டையில் துடைத்துவிட்டு அந்துவான் கார்டைச் செருகினார். மெஷின் நெடுநேரம் யோசித்தது. பிறகு பணம் வந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். என் வீட்டுக் கல்யாணமே நின்றுபோக இருந்து பிழைத்ததுபோல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்துக்குள் மண்டபத்தில் கட்டிவிட்டு, என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடப் பேருந்து நிலையம் வந்தார். "தொடாமலே எடுத்துடுவான்னு பயந்தேன் சார். நாங்களே தட்டுல வச்சிக் குடுத்துட்டோம்" என்றவர், அந்த அலுமினியத் தாளை என் கையில் திணித்தார். "எனுக்கு இனிமே வேணாம். நீங்க வச்சிக்கோங்க."

எங்கள் மதுரையில் காட்டினாலே காசு போகும் மெஷின் எதுவும் வரவில்லை. என் கார்டு அலை கிலை எதுவும் அறியாத பழைய கார்டு. ஆனாலும் ஆசை யாரை விட்டது? தாளை அதன்மேல் சுற்றி, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, துவைக்கச் சட்டையை எடுத்த மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். "அவ்வளவு தூரம் போயிட்டு சாக்லேட் ஒண்ணுதான் வாங்கிட்டு வந்தீங்களாக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபிரிட்ஜ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.