நான்கு போல்ட்டுகளுக்கு இட்ட சந்தனம்

கடலில் எழுந்த நஞ்சைத் தாமே வாங்கித் தம் கண்டத்தில் நிறுத்திக்கொண்டு, அமுதத்தை மற்றவர்க்கு விட்டுக்கொடுத்த பெருமானின் திருவடிகளைத் தலைமேல் கொள்கிறேன். இன்று விசயதசமி. நற்செயல்களைத் தொடங்க உகந்த நாள் என்பர். நானோ, நெடுங்காலம் தாமதித்துவிட்ட ஓர் ஒப்புதலை இன்று எழுதத் தொடங்குகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தில்லி கிட்வாய் நகரில், அரசுக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தோம். அம்மா நிறைமாதம். அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அப்பா நம்பியிருந்தது, இருவர் ஓட்டிக் கழித்தபின் எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு பழைய காரை. அதுவோ பக்கத்திலிருந்த ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய் வருவதற்குள் கொதித்து, மூடியின் வழியே ஆவி கக்கியது. எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டைக் கழற்றி, அதனடியில் நீர் கசியாமல் காக்கும் கேஸ்கெட் தகட்டை மாற்றினாலன்றி அது ஓடாது என்று தெரிந்தபோது, சித்தப்பா விடுப்பில் வந்து சேர்ந்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. பத்தாம் வகுப்பில் இருமுறை தவறி, ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்தவர். அமைச்சகக் கோப்புகளில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கும் அப்பாவுக்குத் தம்பியின் அறிவில் நம்பிக்கை குறைவு. அந்த எஞ்சின்தான் அண்ணன் கண்முன் தம் வேலையைக் காட்டச் சித்தப்பாவுக்கு வாய்த்த முதல் வாய்ப்பு. அது அவருக்கு எத்தனை பெரிது என்பது அன்று எனக்குத் தெரியாது.

ஹெட்டை இறுக்கிப் பிடிப்பவை பத்து போல்ட்டுகள். அவற்றை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மிட்டாய்ப் பெட்டியின் அட்டையில் பத்துத் துளையிட்டு வரிசையாகச் செருகிவைத்தார் சித்தப்பா. நான்கைச் சுற்றி மட்டும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார்.

“இந்த நாலும் எஞ்சினுக்குள்ள தண்ணி ஓடுத இடம் வரைக்கும் இறங்கும்ணே. திருகு மரை வழியாத் தண்ணி மேல ஏறிரும். அதனால இதுக்கு மட்டும் இந்த வெள்ளை பேஸ்ட். மத்த ஆறுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் போதும்.”

“செவப்புப் பசைன்னு ஒண்ணு விக்கான்லா? காஞ்சா கல்லு மாதிரி ஆயிரும்னு கடைக்காரன் சொன்னான். அத வாங்காம, பல்லுப்பசை மாதிரி இத வாங்கியாந்திருக்க” என்றார் அப்பா.

“கல்லாயிரும், அதான் வேண்டாங்கேன். சூட்டுல இரும்பு விரியும், ஆறினாச் சுருங்கும். எறுகினது வெடிச்சுப் போவும்ணே. இது எளக்கமாவே இருக்கும், கூடவே நகரும்.”

“அச்சா! இஞ்சினீயர் சொல்லுதாரு, கேட்டுக்கிடுவோம்” என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார். சித்தப்பா சிரித்தார். ஆனால் வெள்ளை பேஸ்டை மாற்றவில்லை.

மறுநாள் ஆயுத பூசை. அன்று கருவிகளைத் தொட்டு வேலை செய்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கலைமகள் படத்தின் முன் என் பாடநூல்கள், அம்மாவின் அரிவாள்மனை, அப்பாவின் பேனா, சித்தப்பாவின் ஸ்பேனர்கள், போல்ட் அட்டை எல்லாம் அமர்ந்தன. குனிய முடியாத அம்மா என்னிடம் சந்தனக் கிண்ணத்தைத் தந்தாள்.

“ஏட்டி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வையி. ஒண்ணையும் விட்றாத.”

நான் விடவில்லை. வட்டம் போட்ட நான்கு போல்ட்டுகளைக் கண்டதும், அவற்றுக்குத் தனி அருள் தேவைப்படுகிறது என்று தோன்றியது. யாரும் பார்க்காதபோது ஒவ்வொன்றாக உருவி, மரை முழுவதும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, மீண்டும் துளையில் நிறுத்தினேன். திருமஞ்சனம் செய்வித்த நிறைவோடு கைகூப்பினேன்.

விசயதசமியன்று மாலை சித்தப்பாவுக்கு ரயில். காலையிலேயே அவர் காருக்குள் தலையை விட்டு நின்றார். அப்பா போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார். எண்ணெயிட்ட ஆறும் முடிந்தபின் சித்தப்பா கேட்டார்: “பேஸ்ட் தடவணுமேண்ணே?”

அப்பா ஒரு போல்ட்டை உருவிப் பார்த்தார். காய்ந்த சந்தனம் வெளிறிப்போய் மரையில் ஒட்டியிருந்தது. “அதான் தடவித்தானே வச்சிருக்கு. ஜல்தி முடி டே.”

அண்ணனே தடவிவைத்திருக்கிறார் என்று சித்தப்பா எண்ணிக்கொண்டார். தம்பி தடவியது என்று அப்பா எண்ணிக்கொண்டார். அண்ணன் செய்ததைத் திருப்பிப் பார்ப்பது மரியாதையன்று என்று வளர்ந்தவர் சித்தப்பா. கொடுத்ததைக் கொடுத்தபடியே வாங்கி இறுக்கினார்.

எஞ்சின் உறுமியது. மாடிவீட்டு மாமா தேநீர்க் கோப்பையோடு இறங்கிவந்து, “பாயி சாப், காடி சலேகி?” என்று, வண்டி ஓடுமா எனக் கேட்டார். “சலேகி, சலேகி” என்றார் அப்பா, தாமே செய்ததுபோல. பத்து நிமிடம் ஆனது. அந்த நான்கு போல்ட்டுகளின் தலையைச் சுற்றியும் முத்து முத்தாக நீர் அரும்பிற்று.

“நான் அப்பவே சொன்னேன்லா!” அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டது. “செவப்பு வாங்குலேன்னு! ராணுவத்துல இதத்தான் படிச்சுக் குடுத்தானா? பிள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு நடுரோட்டுல நிக்கவா?”

சித்தப்பா எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, நீரை வடித்து, ஒரு போல்ட்டைக் கழற்றினார். மரையில் ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். மெல்லத் திரும்பி, வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். என் நகக்கண்களில் இன்னும் போகாதிருந்த மஞ்சளைப் பார்த்தார்.

“என்னடே?” என்று அப்பா கைநீட்டினார்.

அவர் கைக்குப் போகுமுன் அந்தப் போல்ட்டைத் தம் சட்டையிலேயே அழுந்தத் துடைத்துவிட்டார் சித்தப்பா. “ஒண்ணுமில்லண்ணே. தப்பு எம்மேலதான். கைப்பிசகு.”

நான்கையும், அவை இறங்கிய துளைகளையும் துடைத்து, அதே வெள்ளை பேஸ்டைத் தம் கையாலேயே தடவி மறுபடி இறுக்கினார். அதற்குள் ரயில் போய்விட்டது. பிறகு எவ்வளவு ஓடவிட்டும் ஒரு சொட்டு நீர் வரவில்லை. “ரெண்டாந்தடவையாவது பாத்துச் செஞ்சானே” என்றார் அப்பா.

சித்தப்பா ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. மறுநாள் அவர் புறப்படும்போது, அப்பா குளியலறையில் இருந்த நேரம் பார்த்து என் பெருமையைச் சொன்னேன்: “சித்தப்பா, அந்த நாலு போல்ட்டுக்கும் நாந்தான் நெறையாச் சந்தனம் வச்சேன். அதனாலதான் காரு ஓடுது, என்ன?”

“பின்னே? அதனாலதான்” என்றார் அவர், என் உச்சியில் கைவைத்து. “ஆனா அப்பாட்ட சொல்லிராத. சாமி காரியத்த வெளிய சொன்னாப் பலிக்காதுட்டி.”

அந்தக் காரில்தான் அம்மா மருத்துவமனைக்குப் போனாள். அதிலேயே என் தம்பியோடு திரும்பினாள். அப்பாவோ அதன்பின் எந்தத் திருமண வீட்டிலும், ராணுவ மெக்கானிக் தண்ணீர் ஒழுகவிட்ட கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. எல்லோரும் சிரிப்பர். சித்தப்பாவும் சிரிப்பார். நானும் சிரிப்பேன், சிரித்துக்கொண்டே, சித்தப்பா அன்று சொன்னபடி வாய் திறவாதிருப்பேன்.

அப்பாவும் சித்தப்பாவும் இறைவனடி சேர்ந்து வெகுநாளான பின், என் மகனின் காரைப் பிரித்துப்போட்ட பணிமனையில், இளைஞர் ஒருவர் போல்ட்டின் மரையைத் துடைத்தவாறே இந்தியில் சொன்னார்: “இதில் ஒரு பொட்டு மண் இருந்தாலும் பேஸ்ட் பிடிக்காது, மாதாஜி. தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.” நான் குனிந்து என் நகக்கண்களைப் பார்த்தேன்.

தெய்வத்தின் இரகசியம் ஒன்றைக் காத்து நிற்பதாக அத்தனை ஆண்டும் நான் நம்பியிருந்தேன். அந்த இரகசியத்துக்குள் பத்திரமாக இருந்தது நான்தான் என்பது அன்றைய அந்த ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கும் அனைவருக்கும் பெருமான் அருள்க. உங்கள் பிழையைச் சொல்லாமல் தம் சட்டையில் துடைத்துக்கொண்டவர் எவரேனும் இருந்தால், அவர் இருக்கும்போதே அவரை அறிந்துகொள்ளும் பேறும் உங்களுக்கு வாய்க்க.