உதயகலா விட்டுவிட்ட பதினொரு பெயர்கள்

என் மனைவி உதயகலாவுக்கு மனிதர்கள் கையால் எழுதும் பட்டியல்களில் நம்பிக்கை இல்லை. கடைக்கு நான் எழுதிக்கொண்டு போகும் துண்டைக்கூட வாங்கிச் சரிபார்த்துத்தான் அனுப்புவாள். பெருங்காயம் விட்டுப்போயிருக்கும். எனக்குக் கோபம் வரும். நான் இருபது வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிற ஆள்.

பகலில் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறாள். மாலையில், கொக்குவில் வீட்டில், சம்பளமில்லாத இன்னொரு வேலை. பல நாட்டுக்காரர் சேர்ந்து இலவசமாக நடத்தும் 'பொதி மேலாளர்' என்ற நிரலுக்கு எழுதிக்கொடுப்பது. கணினியில் ஒரு மென்பொருளைக் கேட்டால் அதைப் பொதியாகக் கொண்டுவந்து நிறுவித் தருவது அந்த நிரல். ஆனால் எந்த மென்பொருளும் தனியாக ஓடாது. படம் திறக்க ஒன்று, எழுத்துக் காட்ட ஒன்று என்று வேறு சிறு நிரல்கள் கணினியில் முன்பே இருக்கவேண்டும். இன்னின்னது தேவை என்று மென்பொருளை எழுதியவரே பட்டியல் கொடுக்கவேண்டும். பாதிப் பேர் கொடுப்பதில்லை, மீதிப் பேர் பிழையாகக் கொடுப்பார்கள்.

"எழுதினவனைக் கேக்கத் தேவையில்லை. பொதியைப் பிரிச்சுப் பார்த்தால் அதுவே சொல்லும்" என்பது உதயகலாவின் கட்சி. அப்படித் தானாகவே பிரித்துப் பார்த்து, தேவையானதைக் கண்டுபிடிக்கும் கருவியை மூன்று வருடமாக எழுதினாள்.

இந்த வைகாசியில் பொதி மேலாளரை நடத்துகிறவர்கள் ஒரு நாள் குறித்தார்கள். ஒன்றுமே நிறுவாத வெறும் கணினியில் அந்தக் கருவி இருநூறு பொதிகளையும் ஓடவைத்தால் சேர்ப்போம், இல்லாவிட்டால் வேறொருவருடையதை எடுப்போம் என்றார்கள். மூன்று வருட உழைப்பும் அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டு நின்றது.

அவளுடைய கணினியில் எல்லாம் ஓடியது. வெறும் கணினி ஒன்றில் வைத்துப் பார்த்தபோது அறுபது பொதிகள் ஓடாமல் விழுந்துவிட்டன. எட்டு நாள் தேடினாள். கறிக்கு உப்புப் போட்டாளா என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

அதற்கிடையில் குடிபூரல் வந்தது. வளவின் பின்பக்கத்தில் புது வீடு கட்டியிருந்தோம், அதில் குடிபுகும் நாள். அழைப்புச் சொல்லவேண்டிய வீடுகளின் பட்டியலையும் அவள்தான் போட்டாள், தொலைபேசியில், அகரவரிசைப்படி. எங்கள் பக்கத்தில் எவ்வளவு நெருங்கியவர்கள் என்றாலும் வீடு தேடிப் போய், குங்குமச் சிமிழை நீட்டி, வாயால் சொன்னால்தான் சொன்னது. தொண்டைமானாறு வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

குடிபூரலுக்கு முதல்நாள் காலை பக்கத்து வீட்டுக் கமலாவதி அக்காவைக் காணவில்லை. எங்கள் இரண்டு வீட்டு மதிலுக்கும் இடையில் ஒரு சின்னப் படலை உண்டு. நாளுக்குப் பத்துமுறை அதால் வந்துபோகிறவர். புது வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் அடித்ததே அவர்தான். அன்றைக்குப் படலைக்கு அந்தப் பக்கத்தால் கொண்டி போட்டிருந்தது.

"என்ன அக்கா, சுகமில்லையே?" என்று மதிலுக்கு மேலால் கேட்டேன்.

"சுகத்துக்கென்ன தம்பி. சொல்லாத வீட்டுக்கு எப்பிடி வாறது?"

உதயகலா தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். நூற்றுப் பதினாறு வீடு. கமலாவதி அக்கா இல்லை.

"ஏன் அவவைப் போடேல்லை?" என்றேன்.

"அவ எப்பவும் இஞ்சைதானே நிக்கிறவ" என்றவள், அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கணினியிடம் ஓடப் பார்த்தாள். நான் விடவில்லை. "முதல்லை அக்காவிட்டைப் போவம்."

சின்னப் படலையால் அல்ல, தெருவால் சுற்றிப் போய், முன்கேற்றைத் தட்டிச் சொன்னோம். அக்கா கதிரை போட்டுத் தேத்தண்ணீர் தந்தார். ஒன்றுமே நடக்காததுபோலக் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு, "ஓம், வாறன்" என்றார். அரைமணி நேரத்தில் எங்கள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் உதயகலா எனக்கு விளக்கினாள். கருவியை எழுதத் தொடங்கிய முதல் வாரத்தில், 'இவை எந்தக் கணினியிலும் இருக்கும், தேடாதே' என்று பதினொரு பெயர்களைத் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறாள். சுருக்கிய கோப்பை விரிப்பது போன்ற நாளாந்தச் சாமான்கள். அவளுடைய கணினியில் அவை எப்போதும் இருந்தன. வெறும் கணினியில் இல்லை, கருவியும் தேடவில்லை. பட்டியலை நம்பாத பெண் போட்ட பட்டியல். எனக்குச் சந்தோசம் தாங்க முடியவில்லை, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

பதினொரு வரியையும் அழித்தாள். குறித்த நாளில் இருநூறும் ஓடின. சேர்த்துக்கொண்டார்கள்.

கருவி சேர்ந்த அறிவித்தலின் அடியில் அவள் நன்றி எழுதியிருந்தாள். ஏழு பேர். கமலாவதி அக்காவின் பெயரும் இருந்தது. நான் இரண்டுதரம் வாசித்தேன். மூன்று வருடம் அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவன் நான்.

"என்ரை பேர் எங்கை?"

"நீங்கள் வீட்டு ஆள்தானே" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது.

நான் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பாதி நடிப்பு, பாதி உண்மையான மனவருத்தம். கொஞ்ச நேரத்தில் முன்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், சேலை மாற்றி, கையில் குங்குமச் சிமிழோடு உதயகலா நிற்கிறாள்.

"எங்கடை கருவியைச் சேர்த்திட்டினம்" என்றாள், சிரிக்காமல். "நீங்கள் கட்டாயம் வரவேணும்."

நான் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டேன்.

"ஓம், வாறன்" என்றேன்.