மாரிச்செல்வத்தின் நாலு பேர் கணக்கு

மாரிச்செல்வம் இறந்த செய்தி எனக்கு ஏழு மணி நேரம் தாமதமாக வந்தது. எங்கள் பட்டாசு ஆலையில் செல்போனை வாசலிலேயே காவலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். வேலை முடிந்து சாயங்காலம் வாங்கிப் பார்த்தால் இருபத்திரண்டு அழைப்புகள். மஞ்சள் காமாலையாம். ஆஸ்பத்திரிக்குப் போ என்று வீட்டில் சொன்னதற்கு, தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு வாரம் தள்ளியிருக்கிறான். ஊருக்கெல்லாம் விதிமுறையைப் படித்துப் படித்துச் சொன்னவன் தன் உடம்புக்கு ஒன்றையும் பார்க்கவில்லை. செத்தும் என்னை எரிச்சல்படுத்துகிறான்.

அவனை அறிந்த உங்களுக்கு அந்த விளையாட்டு மறந்திருக்காது. இருபது வருஷத்துக்கு முன் சிவகாசி பிரவுசிங் சென்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துக் கம்ப்யூட்டர்களை இணைத்து, ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்று துப்பாக்கிச் சண்டை விளையாடுவோம். அதில் வருவதெல்லாம் எங்கோ ஒரு பாலைவனம், எவனுடைய கிடங்கோ. நம்ம ஊர்ப் பட்டாசு ஆலையையே களமாகச் செய்தால் என்ன என்று மாரி கேட்டான். கேட்டதோடு நின்றிருக்கலாம்.

அவனிடம் இருந்தது இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள். பெட்டி பெட்டியாக அடுக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். வட்டம் போட்டால் கம்ப்யூட்டரே நின்றுவிடும். அச்சகத்தில் கழித்துப்போட்ட லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்துக்கொண்டான். முழுக்களமும் ஒரு பிளாப்பிக்குள் அடங்கியாக வேண்டும். இடம் போதாமல் வேப்பமரத்தை எடுத்தான், தண்ணீர்த் தொட்டியை எடுத்தான், வானத்துக்கு நிறம்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் நிஜ ஆலை விதிப்படியே ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, அறைக்கும் அறைக்கும் இடைவெளி. ஒளிந்து நின்று சுட ஒரு மூலையாவது வேண்டும், ஒரு வாசலை அடைத்துத் தொலை என்று கெஞ்சினேன். "ஒத்த வாசல் ரூம்ல ஆள உக்கார வைக்க முடியாதுலே" என்றான். இது விளையாட்டு என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்து வைத்ததுதான் வினை. ஆலையில் அறை வாசலில் எழுதியிருக்குமே, உள்ளே நாலு பேர் மட்டும் என்று, அதையும் களத்துக்குள் கொண்டுவந்துவிட்டான். ஐந்தாவது ஆள் கால் வைத்தால் அறை வெடிக்கும். உள்ளே இருக்கும் அத்தனை பேரும் காலி. அந்த ஓட்டை மென்பொருளில் ஆள் எண்ணும் வசதியை எங்கே கண்டுபிடித்தான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம்.

வெம்பக்கோட்டைக்காரர்களோடு இறுதிப் போட்டி. ஜெயித்தவர்களுக்கு ஒரு எவர்சில்வர் குடம். எதிரணியில் ஒருவன்தான் மிச்சம். நாங்கள் ஐந்து பேரும் உயிரோடு இருந்தோம். மாரி ஆடவில்லை, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் நாலு பேர் ஓர் அறைக்குள் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்ற வேகத்தில் நானும் உள்ளே ஓடினேன். விதி தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் தலை எண்ண யாருக்குத் தோன்றும்? திரை வெள்ளையாகிவிட்டது. வெளியே பதுங்கியிருந்தவன் ஒரு குண்டுகூடச் சுடாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

எல்லோர் முன்னாலும் மாரியைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "வாசல்ல எழுதித்தானலே வச்சிருக்கேன். நீதான் எண்ணாம வந்துட்ட." ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு பேசினோம், அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நான் ஆலையில் போர்மேன். போன தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கடி. கணக்கப்பிள்ளை ஓர் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து, "இன்னைக்கு ஒரு நா மட்டும் இவுகளையும் இங்கனயே உக்கார வச்சிருங்க, லோடு ஏத்த லாரி நிக்கி" என்றார். அந்த அறைக்குள் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். என் கண்ணுக்குள் அந்த வெள்ளைத் திரை வந்து நின்றது. முடியாது என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. ஆனால் அன்றைக்கு நான் சரியாக எண்ணினேன், அதை மாரியிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான் என்ற வீம்பு. பொங்கல் கழியட்டும், பங்குனிப் பொங்கல் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளிப்போடுவதில் மட்டும் அவனும் நானும் ஒன்று.

அவன் பிளாப்பி இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் திறப்பதில்லை. எந்த அறை வாசலில் நின்றாலும் தலை எண்ணும் இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

செய்தி தெரிந்த அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பெட்டியைச் சுற்றி எங்கள் பழைய அணியின் நாலு பேர் நின்றார்கள். வாசற்படியில் நின்றுவிட்டேன். "உள்ள வாலே" என்றான் அந்த நால்வரில் ஒருவனான கணேசன். சொன்னவன் என் முகத்தைப் பார்த்தான். சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தான். வெளியே வந்து, "நான் இங்கன நிக்கேன், நீ போயி பாரு" என்றான்.

உள்ளே போய்ப் பெட்டியருகே குனிந்தேன்.

"எண்ணிட்டுத்தாம்லே வந்திருக்கேன்" என்றேன்.