வலிக்கிற குதிகாலுக்கு ஒரு செருப்பு

போன வாரம் செருப்புக் கடையில் குதிகால் வலிக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு ஒன்றைக் கையில் எடுத்து, குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகு பார்த்து வாங்கிய வயதெல்லாம் போய்விட்டது. புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் ஸ்டெல்லா அக்காவின் நினைவு வந்தது. கூடவே அந்தப் பழைய கோபமும்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றேன். வேலை பார்த்தேன் என்று சொல்வதைவிட நின்றேன் என்பதுதான் சரி. கிரானைட் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்க வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. சுவரில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் தொண்டையைச் செருமுவார். மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடிதான்.

ஸ்டெல்லா அக்கா எனக்குப் பக்கத்துக் கவுண்டர். சாணார்பட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் நொண்டிக்கொண்டே வந்தார்.

"காலைல எந்திரிச்சு மொத அடி வைக்கிறப்பதான்டி உசுரு போகுது. ஆணிய வச்சு எறக்குன மாதிரி இருக்கு."

வெறுங்காலோடு நிற்கவே கூடாது, மெத்தென்ற செருப்புப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு நாளில் இருவரும் பேகம்பூரில் ஒரு பாயின் செருப்புக் கடைக்குப் போனோம். காலையிலேயே போய் நின்ற எங்களை அவர் திருப்பி அனுப்பினார். "சாயங்காலமா வாங்கம்மா. அப்பத்தான் கால் செத்த வீங்கியிருக்கும். அந்த அளவுக்கு எடுக்கணும்." திரும்பப் போனபோது அக்காவைக் கடைக்குள்ளேயே நாலு தடவை நடக்கவிட்டார். "செருப்பு உங்க காலப் புடிக்கணும். நீங்க வெரல மடக்கி அதப் புடிச்சுக்கிட்டு நடந்தா வலி கூடத்தான் செய்யும்." ஒரு ஜோடி செருப்புக்கு அம்புட்டு அக்கறை. அக்கா வழியெல்லாம் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் கடையில் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"மகாலட்சுமி இருக்கிற எடம். கழட்டு."

"புதுசு சார். கடைக்குள்ள மட்டும்தான் போடுறேன். டாக்டர் சீட்டு இருக்கு."

"நிக்க முடியலைன்னா வீட்ல இருந்துக்க."

வாடிக்கையாளர்கள் பார்க்க அக்கா கழற்றினார். முதலாளி ஷூக்காலோடு மாடியேறுவதை மட்டும் மகாலட்சுமி ஒருநாளும் கண்டுகொண்டதில்லை.

அதன் பிறகு சேலைப் பெட்டி அட்டைகளை விரித்து அதன் மேல் நின்றார். அதையும் உருவினார்கள். தீபாவளிக் கூட்டத்தில் ஒருநாள் மத்தியானம், பத்து சேலை விரித்த கையோடு, அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வேடசந்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மயக்கமா?"

"இல்லம்மா. குதிகால் வலி. நிக்க முடியல."

அந்த அம்மா சுற்றிக்கொண்டு உள்ளே வந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நீ உக்காந்தே காட்டு. நானும் உக்காந்தே பாக்குறேன்." மகள் கல்யாணத்துக்கு வேண்டிய சேலையெல்லாம் தரையிலேயே வியாபாரம் ஆனது. சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் அவர் நின்று நான் பார்த்தேன்.

அந்த அம்மா படியிறங்கியதும், "நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார் சூப்பர்வைசர். அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார். நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய வீராங்கனை மாதிரி இன்று எழுதுகிறேன்.

இரண்டு வருடத்தில் எனக்கும் அதே வலி வந்தது. வேறு யாரிடம் போவது? வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த அக்கா பழசை ஒரு சொல் கேட்கவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டு என் காலை வைக்கச் சொன்னார். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைச் செய்து காட்டினார். "படுக்கைய விட்டு எறங்குறதுக்கு முன்ன பாதத்த நல்லா நீவி விட்டுக்க. அந்த வேலைய விட்டுரு" என்றார். விட்டேன்.

கடைப் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று இப்போது சட்டமே வந்துவிட்டது. வேண்டியதுதான். அந்த ஜவுளிக்கடையை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் எங்கே போனாரோ தெரியாது. சட்டம் வந்த செய்தியைச் சொல்லலாம் என்று சாணார்பட்டிக்குப் போனேன். அக்கா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.