டவுனுக்கு இறங்கிய புள்ளிகள்

ஆட்களின் நடமாட்டத்தைக் கணக்காக்குவதுதான் என் வேலை. ஒரு போன் ஒரு டவரை விட்டு இன்னொரு டவரைப் பிடித்தால், அதை வைத்திருக்கிற ஆளும் நகர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வோம். அடுத்து அவர் எங்கே இருக்கக்கூடும் என்று நிகழ்தகவில் சொல்லும் கணித மாதிரி ஒன்றைக் கொழும்பு அலுவலகத்தில் செய்து வைத்திருந்தோம். பெயரோ நம்பரோ எங்களுக்குத் தெரியாது. திரையில் வெறும் புள்ளிகள். நான் பதுளை மலைப்பக்கம், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயம் ஒன்றில் பிறந்து, புள்ளிவிபரவியல் படித்து இந்த வேலைக்கு வந்தவள். அந்தப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் இதில் ஒன்று இன்னும் அதே லயத்தில் இருக்கிற அக்காவுடையது என்று நினைத்துக்கொள்வேன்.

மழை விடாமல் கொட்டிய ஒரு வாரம். மண் சரியக்கூடிய இடங்களிலிருந்து சனம் வெளியேறிவிட்டதா என்று அனர்த்த நிவாரண அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். புள்ளிகள் நகர்ந்ததைக் காட்டும் வரைபடம் விடிந்ததும் தானாகவே அவர்களுக்குப் போய்விடும். நான் அலுவலகத்துக்கு வந்தபோது எங்கள் தலைவர் சந்தோஷமாக இருந்தார்.

"உங்க ஊர்ச் சனம் தப்பிச்சிட்டாங்க. எல்லாரும் பதுளை டவுனுக்கு இறங்கிட்டாங்க."

எனக்கும் மனசு லேசானது. பிறகு உற்றுப் பார்த்தேன். அத்தனை புள்ளிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்திருந்தன. பிள்ளைகுட்டி, கிழடுகளோடு இறங்குகிற சனம் அப்படிப் போகாது. முன்னே சிலர், பின்னே சிலர், வழியெல்லாம் சிதறித்தான் போகும். டவரின் பதிவைத் திறந்தேன். கரண்ட் போய் அந்த டவர் செத்துக் கிடந்தது. தோட்டத்துப் போன்களெல்லாம் டவுன் பக்கத்து டவரைப் பிடித்திருந்தன. ஒருவரும் நகரவில்லை.

தலைவரிடம் சொன்னேன். அவர் உடனே அதிகாரிகளுக்குப் போன் போட்டார். வரைபடத்தை நம்பி, சனத்தை ஏற்ற வைத்திருந்த லொறிகளை வேறு பக்கம் அனுப்பியாயிற்று என்றார்கள். திருப்பி அனுப்பப் பார்க்கிறோம், ஆனால் தோட்டத்து ரோட்டில் மண் விழுந்திருக்கிறது என்றும் சொன்னார்கள்.

அதற்குள் நான் அக்காவுக்குப் போன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல தடவைக்குப் பிறகு கிடைத்தாள். குரல் விட்டுவிட்டு வந்தது.

"லயத்துலதான் இருக்கோம். எங்க போறது? ஒருத்தரும் வரலியே."

"அக்கா, இப்பவே பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேல கோயிலுக்குப் போங்க. பக்கத்து வீட்டாளுகளையும் கூப்பிடுங்க."

"மச்சான் மாட்ட அவுத்துட்டு வரேங்கிறாரு."

"மாட்ட விடச் சொல்லுக்கா!"

அவள் தன் புருஷனைக் கூப்பிடுவது கேட்டது. லைன் அறுந்துவிட்டது.

அன்று பகலிலேயே மலை சரிந்தது. லயத்தின் கடைசிக் காம்பராக்களும் மாட்டுக் கொட்டிலும் போய்விட்டன. அக்கா பேச்சைக் கேட்டுப் போனவர்கள் கோயிலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்களாம். மச்சானோடு இன்னும் சிலர் மண்ணுக்குள். ராணுவம் வரும்வரை தோட்டத்து ஆண்களே மம்பட்டியால் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

ரோடு திறந்ததும் போனேன். அக்கா பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில், பெஞ்சுகளை ஒதுக்கிய இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். மச்சானை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"எங்க யாரு இருக்கான்னு கொழும்புலேருந்தே தெரியும்பியே. எங்களத் தெரியலியா?"

"தெரிஞ்சுச்சுக்கா. டவுனுல இருக்கீங்கன்னு காட்டுச்சு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சின்னவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தலையில் ஈர் பார்க்கத் தொடங்கினாள். நான் வெளியே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து, டவர் செத்தால் அதை நகர்வாக எண்ணாதபடி மாதிரியைத் திருத்தினோம். மேலிடத்தில் பாராட்டினார்கள். லயம் குடியிருக்க லாயக்கில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள், வேறு இடம் மட்டும் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்ததால் அக்கா பிள்ளைகளோடு, சரியாமல் மிஞ்சிய காம்பராக்களில் ஒன்றுக்கே திரும்பிப் போனாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். மழை பெய்கிற நாளெல்லாம் நான் அவளுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பேன்.