கூதனோ ஆற்றில் சண்டிக்கட்டு

எங்கள் வீட்டு மணி அடித்தால் நான் முதலில் காற்சட்டைக்குள் பாய்வேன். கதவு பிறகுதான். டென்மார்க்கில் இந்தச் சில்க்போர்க்குக்கு வந்து இருபத்தெட்டு வருடம், அதில் பாதிக்காலமாக இதுதான் வழக்கம். பொதி கொண்டுவருகிற பொடியனுக்கு அவ்வளவு பொறுமை எங்கே இருக்கிறது? நான் ஒரு காலை உள்ளே விட்டு மற்றக் காலுக்கு வழி தேடுகிற நேரத்தில் வாசலில் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவான். பிறகு நான் காரெடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அந்தப் பொதியை எடுக்கவேண்டும். "சாரத்தோடையே திறந்தால் என்ன? அவன் என்ன மாப்பிள்ளை பார்க்கவோ வாறான்?" என்று மனைவி கேட்பாள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அங்கே சாரத்தோடு சந்திக்குப் போகலாம், சங்கக்கடைக்குப் போகலாம், அயலில் ஒரு செத்தவீட்டுக்குக்கூடப் போகலாம். இங்கே ஓர் ஆண் இடுப்பில் துணி சுற்றிக்கொண்டு நின்றால், பாவம், குளித்துக்கொண்டிருந்தவரைக் குழப்பிவிட்டோம் என்று நினைப்பார்கள்.

ஆனால் நான் கதவுக்குப் பயந்ததற்குக் காரணம் பொதிக்காரன் இல்லை. என் மகள் ஷரோனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு சாரத்தோடு வெளியே போனேன். முன்வீட்டு ஜன்னலில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் டேனிஷில் கேட்டாள்: "அப்பா, நீங்கள் ஏன் பாவாடை உடுத்திக்கொண்டு வெளியே போனீர்கள்?" அவள் அழவில்லை. அன்றைக்குச் சாப்பிடவுமில்லை. அடுத்த நாளிலிருந்து என் சாரம் திரைச்சீலைக்குள் முடங்கிவிட்டது. பிள்ளையில் எனக்குக் கோபம் வரவில்லை. என்னில்தான் வந்தது. ஷெல் விழுகிற ஊரிலிருந்து வந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு தேவாலயத்தில் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்கிறவன், இரண்டு சின்னப் பிள்ளைகளின் சிரிப்புக்கு இவ்வளவு கெதியாக அடங்கிவிட்டேனே என்று வெகுநாள் மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஷரோன் இப்போது ஓகூஸ் நகரத்தில் தாதி. எமில் என்ற டேனிஷ்ப் பொடியனை விரும்புகிறாள். நல்ல பொடியன், எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டாம் தரம் சோறு கேட்பான். இந்தக் கோடையில் எமிலின் தகப்பன் ஹென்ரிக் எங்களையும் ஆற்றுக்கு அழைத்தார். கூதனோ ஆற்றில் ஒரு நாள் முழுக்கக் கானோ ஓட்டுவது, பின்னேரம் கரையில் அவருடைய தகப்பனோடு கோப்பி குடிப்பது, இதுதான் திட்டம். கானோ என்றால் ஒடுங்கிய வள்ளம். இரண்டு குடும்பமும் முதல் தரம் சந்திக்கிற நாள், பெண் பார்க்கிற சடங்கைத் தண்ணீரில் வைத்த மாதிரி. ஷரோன் மூன்று தரம் தொலைபேசி எடுத்தாள். எனக்கென்று அரைக் காற்சட்டை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். கடைசியாக, "அப்பா, தயவுசெய்து நோர்மலாக வாருங்கள்" என்றாள், அதையும் டேனிஷில்தான். என் பிள்ளை அந்த ஒரு நாளாவது என்னைப் பற்றி வெட்கப்படாமல் இருக்கவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலைமுறை மாற்றக் கிடைக்கவில்லை. ஆனால் என் பையைக் கட்டியவள் அவள்தான். அடியில் ஒரு சாரத்தை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அறிந்தால் கத்துவாள் என்றேன். "தண்ணிக்குப் போற மனுசன் சாரம் இல்லாமல் போறதோ? நனைஞ்சால் எங்கை நிண்டு உடுப்பு மாத்துவியள், பத்தைக்குள்ளையோ?" என்றாள்.

ஆற்றங்கரையில் ஹென்ரிக் காரைவிட்டு இறங்கியபோது நான் ஒரு கணம் என் கண்ணையே நம்பவில்லை. ஆறடிக்கு மேலே உயரம், நரைத்த தாடி, காலில் மலையேறுகிற சப்பாத்து. இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு பாவாடை. ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுக்கிற கில்ட். காக்கி நிறத் தடித்த துணி, பின்பக்கம் மடிப்பு மடிப்பாக, இரண்டு பக்கமும் பெரிய பைகள், கத்தி கொழுவ ஒரு வளையம். கோடையில் காட்டுக்குப் போனாலும் மலைக்குப் போனாலும் இதுதானாம், நோர்வே மலைகளையே இதோடு ஏறி இறங்கியிருக்கிறாராம். ஷரோன் அவரைக் கட்டிப்பிடித்து, "ஹென்ரிக், நீங்கள் நல்ல சை" என்றாள். சை என்றால் இங்கத்தைய இளசுகளின் பேச்சில் கெட்டிக்காரன், துணிஞ்ச கட்டை. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நான் சுற்றினால் மானம் போகிறது, அவர் சுற்றினால் சையோ? புது அரைக் காற்சட்டைக்குள் வெயில் காணாத இரண்டு முழங்காலோடு நின்று நானும் சிரித்தேன்.

ஹென்ரிக்கும் நானும் ஒரு வள்ளம், பிள்ளைகள் இருவரும் மற்ற வள்ளம். துடுப்புப் போட்டபடி மனுசன் எனக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார். வெயிலில் காற்சட்டை தொடையை உரசும், இது உரசாது. காற்றோட்டம். விழுந்த மரத்தைக் கடக்கும்போது காலை வீசி வைக்கலாம். நாலு பேர் நிற்கிற இடத்திலும் உள்ளுக்குள்ளேயே உடுப்பு மாற்றலாம். "ஆண்கள் ஒருமுறை பழகிவிட்டால் விடமாட்டார்கள். நீங்களும் முயற்சி செய்து பார்க்கவேண்டும்" என்றார். யாருக்குச் சொல்கிறார் பாருங்கள். பத்து வயதில் தொடங்கி வெங்காயத் தோட்டத்து இறைப்புக்கு விடியற்காலையில் சாரத்தோடு இறங்கினவன் நான். வாய்க்கால் சேற்றில் அதோடுதான் ஓடினேன், பனைக்கும் அதோடுதான் ஏறினேன். பத்தொன்பது வயதில், பாதை அடைபட்டிருந்த ஒரு நாள், நெஞ்சளவு தண்ணீருக்குள் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு கடல்நீரேரியைக் கடந்ததும் ஒரு நீலக் கட்டம் போட்ட சாரத்தோடுதான். அக்கரையில் பத்து நிமிடம் வெயிலில் நின்றேன், சாரம் காய்ந்துவிட்டது. இதையெல்லாம் டேனிஷில் சொல்லத் தொடங்கினால் ஆறு முடிந்துவிடும். "யா, யா" என்று மட்டும் சொன்னேன். நான் நம்பவில்லை என்று நினைத்து அவர் காற்றோட்டத்தைப் பற்றி இன்னொரு தரம் விளக்கினார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆறு மெலிந்து மணல் தட்டியது. எல்லோரும் இறங்கி, மணல்திட்டிலும் இடையிடையே இடுப்பளவு பள்ளத்திலும் விழுந்தெழும்பி வள்ளங்களைத் தள்ளினோம். கரையேறியபோது என் அரைக் காற்சட்டை ஈரச் சாக்காகிக் காலோடு ஒட்டிக்கொண்டது. ஹென்ரிக்கின் கில்ட் இன்னும் மோசம். அத்தனை மடிப்பும் தண்ணீர் குடித்துப் பாரமாகி, அவர் அதை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டு நின்றார். எனக்கு முன்னால் இரண்டு வழிதான். நடுங்கிக்கொண்டு நோர்மலாக இருக்கலாம், அல்லது பையைத் திறக்கலாம். ஷரோனைப் பார்த்தேன். அவள் என் கை பையின் அடிக்குப் போவதைக் கண்டுவிட்டாள். தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. எனக்கு அறுபது வயது, பிள்ளை. அப்படி மனதுக்குள் சொல்லிக்கொண்டு சாரத்தைத் தலைவழியாகப் போட்டு, எல்லோருக்கும் முன்னால், ஒரு துளி மானமும் போகாமல் ஈரக் காற்சட்டையைக் கழற்றி மரத்தில் காயவிட்டேன்.

ஹென்ரிக் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கிட்ட வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, மிக மரியாதையாக, இந்தக் கட்டம் எந்தக் குடும்பத்துக்குரியது என்று கேட்டார். ஸ்கொட்லாந்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டம் உண்டாம், அது எனக்குப் பிறகுதான் தெரியும். லண்டனிலிருந்து மச்சான், மனைவியின் தம்பி, வாங்கி அனுப்பிய சாரம் அது. "மனைவியின் குடும்பம்" என்றேன். அவர் ஆழமாகத் தலையாட்டினார். எமில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஷரோன் சிரிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பி அரைமணி போகவில்லை, ஒரு பெரிய மரம் ஆற்றுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வள்ளங்களைக் கரையேற்றிப் புல்லின்மேல் இழுத்துக் கடக்கவேண்டும். நான் சாரத்தின் கீழ்விளிம்பைத் தூக்கி முழங்காலுக்கு மேலே மடித்து இடுப்பில் இறுக்கினேன். ஊரில் இதற்குச் சண்டிக்கட்டு என்று பெயர். அதைக் கட்டினால் உடம்பே வேறு. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் நான் முன்னுக்கு இழுக்க, ஹென்ரிக் ஈரக் கில்ட் தொடையில் அடிக்க அடிக்கப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டாவது வள்ளத்தையும் நானே இழுத்தேன். "இது என்னுடையதைவிட நல்லது" என்று மூச்சு வாங்கச் சொன்னார் ஹென்ரிக். ஓம், நல்லதுதான். அதை ஒரு டேனிஷ்க்காரன் வாயால் கேட்க எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பின்னேரம் இறங்குதுறைக்கு வந்தோம். எங்கள் வள்ளத்தில் இருந்த தண்ணீர் புகாத நீலப் பீப்பாவுக்குள்தான் எல்லோருடைய கார்ச் சாவியும் கைபேசிகளும் இருந்தன. நான் முதலில் குதித்துக் கயிற்றைப் பிடித்தேன். நிமிர்ந்தால், புல்வெளியில் மடக்குக் கதிரையில் ஹென்ரிக்கின் தகப்பன். எண்பத்தாறு வயது, பால்மாடு வளர்த்து ஓய்ந்த மனிதர், தலையில் ஒரு பழைய தொப்பி. எழும்பிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். வயது போன ஒருவருக்கு முன்னால் சண்டிக்கட்டோடு நிற்கிறதாவது. என் கை இரண்டும் தாமாகவே இடுப்புக்குப் போயின. மடிப்பை அவிழ்த்துச் சாரத்தைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு அவருடைய கையைப் பிடித்தேன்.

"இறக்க வேண்டாம், நனைந்துவிடும்" என்றார் ஹென்ரிக். கிழவருக்கும் விளங்கவில்லை. அந்த நேரம் பின்னாலிருந்து ஷரோனின் குரல் டேனிஷில் கேட்டது: "அப்பா உங்களுக்காகத்தான் அதை இறக்கிவிட்டார். எங்கள் ஆட்கள் பெரியவர்களைக் கண்டால் அப்படித்தான் செய்வார்கள். அது மரியாதை." நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். இதை நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. நோர்வேயிலிருந்து என் பெரியண்ணை வந்து நிற்கிற நாட்களில், அவருக்கு முன்னால் நான் சாரத்தை இறக்கிவிடுவதை எங்கிருந்தோ பார்த்திருக்கிறாள். கிழவர் சற்று யோசித்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். தொப்பியைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவரும் போடுகிற மாதிரித் தெரியவில்லை.

"அப்பா, கானோ" என்றாள் ஷரோன்.

மரியாதைக்கு இரண்டு கை வேண்டும். கயிற்றை விட்டுவிட்டேன். வள்ளம் அத்தனை சாவியோடும் நடு ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மடித்துக் கட்ட நேரமில்லை, அப்படியே பாய்ந்தேன். இடுப்பளவு தண்ணீரில் கயிற்றின் நுனி கைக்கு வந்தது. அதே நேரம், காலில் சுற்றிய சாரத்தை ஆறு இழுக்க, இடுப்பில் கட்டு நெகிழ்ந்தது. ஒரு கையால் கயிறு, மறு கையால் சாரம். இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தன. கரையிலிருந்து "ஸ்லிப், ஸ்லிப்" என்று கத்தினார்கள், விடு விடு என்று. எதை விடச் சொல்கிறார்கள் என்று யோசித்தேன். இரண்டையும் விடக்கூடிய நிலையில் நான் இல்லை.

தண்ணீர் தெறிக்க யாரோ ஓடிவந்தார்கள். ஷரோன், உடுப்போடு.

"நீங்கள் சாரத்தைப் பிடியுங்கோ அப்பா," என்றாள், தமிழில். "கானோவை நான் பிடிக்கிறன்."

கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே சாரத்தை இறுக்கிக் கட்டினேன். கரையில் கிழவர் இன்னும் தொப்பியைப் போடவில்லை.